புது டிரைவ் ஏன் 599 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது?

ஜனவரி 11, கேள்வி

கிரைண்டிங் ஸ்பிண்டில் (வீலைச் சுத்துற மோட்டர் தண்டு), ரெண்டு போல் (காந்தத் துருவம்), 40,000 ஆர்பிஎம். அதை ஓட்டின டிரைவ், அதாவது ஃப்ரீக்வென்ஸியை மாத்தி மோட்டர் வேகத்தை மாத்துற பெட்டி, பல வருசம் ஓடிப் போயிடுச்சு. அதே கம்பெனி, அதே வரிசையில் புது மாடல் வாங்கி மாட்டினோம். மேக்ஸிமம் ஃப்ரீக்வென்ஸி பாராமீட்டர் 599க்கு மேல் ஏற மாட்டேங்குது. பழசு 1000 வரைக்கும் போச்சு. டீலரைக் கேட்டா "அவ்வளவுதான் சார் வரும்"ங்கிறார். காசு மிச்சம் பிடிக்க மட்டமா பண்ணிட்டாங்களா அண்ணா?

ஜனவரி 11, மாலை

மட்டமா பண்ணல. உள்ளே இருக்கிற ஐஜிபிடி (மின்சாரத்தை வெட்டி விடுற சுவிட்ச்), பிராசசர் எல்லாம் பழசைவிட நல்லாவே இருக்கும். 600ங்கிற எண்ணைத் தொடக்கூடாதுன்னு வேணும்னே நிறுத்தியிருக்காங்க.

என்எஸ்ஜி, அதாவது அணுசக்தி விநியோக நாடுகள் குழு, இரட்டைப் பயன்பாட்டுப் பொருள்களுக்கு (சாதாரணத் தொழிலுக்கும் ஆயுதத்துக்கும் உதவுறது) ஒரு பட்டியல் வெச்சிருக்கு. அதில் ஃப்ரீக்வென்ஸி மாற்றும் கருவிக்குன்னு ஒரு பதிவு. மூணு நிபந்தனை: ஒன்றுக்கு மேற்பட்ட ஃபேஸில் 40 விஏ (வோல்ட்-ஆம்பியர், ஏறக்குறைய வாட் மாதிரி) அல்லது அதுக்கு மேல் அவுட்புட், 600 ஹெர்ட்ஸ் அல்லது அதுக்கு மேல் இயக்கம், ஃப்ரீக்வென்ஸி கட்டுப்பாடு 0.2 சதவீதத்தைவிடத் துல்லியம். மூணும் சேர்ந்தா ஏற்றுமதிக்கு லைசென்ஸ் வேணும்.

40 விஏங்கிறது ஒரு டேபிள் ஃபேன் அளவு. 0.2 சதவீதத்தை இன்னைக்கு மலிவான டிரைவ்கூட தாண்டிடும். ஆக, டிசைன் பண்றவர் கையில் மிச்சம் இருக்கிறது 600 மட்டும்தான். அதனால்தான் ஷ்னைடர் 599, மிட்சுபிஷி 590, டான்ஃபாஸ் 590, சீமென்ஸ் 550னு ஆளாளுக்கு ஒரு இடத்தில் நிக்கிறாங்க.

ஜனவரி 11, இரவு

பழசு மட்டும் எப்படி 1000 போச்சுன்னு கேட்டிருக்கீங்க. சாயந்திரம் அதைச் சொல்லாம விட்டது சரியில்ல, கதையே அங்கதான் இருக்கு.

பழைய வாசகத்தில் 600 முதல் 2000 ஹெர்ட்ஸ்னு ஒரு எல்லை இருந்தது. கூடவே ஹார்மானிக் சிதைவு (அலை சுத்தமான சைன் வடிவத்திலிருந்து எவ்வளவு விலகுதுங்கிறது) 10 சதவீதத்துக்குக் கீழே இருக்கணும்னும் ஒரு நிபந்தனை. இந்த ரெண்டாவதுதான் நம்ம டிரைவ்களைக் காப்பாத்திச்சு. சாதாரண பிடபிள்யூஎம் டிரைவின் அவுட்புட்டை ஆசிலோஸ்கோப்பில் பாத்திருப்பீங்க. சைன் அலையே கிடையாது, வெட்டி வெட்டிப் போட்ட வோல்டேஜ். சிதைவு 10 சதவீதத்துக்கு எங்கேயோ மேல. அதனால 1000 ஹெர்ட்ஸ் கொடுத்தாலும் பட்டியலுக்கு வெளியே.

பிறகு அந்தச் சிதைவு நிபந்தனையை எடுத்துட்டாங்க. மேல் எல்லையையும் எடுத்துட்டாங்க. ஐரோப்பிய ஒன்றியத்தில் புது வாசகம் 2014 டிசம்பர் 31ல் அமலுக்கு வந்தது. அன்னைக்கு வரைக்கும் சந்தேகத்துக்கே இடமில்லாம இருந்த மர வேலை ரூட்டர் டிரைவ், கிரைண்டிங் டிரைவ் எல்லாம் ஒரே நாளில் பட்டியலுக்குள்ள. டிரைவில் எதுவும் மாறல. அடுத்து வந்த ஃபர்ம்வேரில்தான் (டிரைவுக்குள்ள இருக்கிற மென்பொருள்) 599.

எடுத்ததில் நியாயம் இருக்கு. மோட்டருக்கு சைன் அலை தேவையே இல்ல, காயிலோட இண்டக்டன்ஸே கரண்ட்டை வழவழப்பாக்கிடும். இல்லாட்டி வெளியே ஒரு ஃபில்டர் போட்டா முடிஞ்சது. அந்த நிபந்தனை யாரையும் தடுக்கல.

ஜனவரி 12

"600ல் அப்படி என்ன இருக்கு?"

கேஸ் சென்ட்ரிஃபியூஜ். யுரேனியம் செறிவூட்டுற அந்த உருளை. ரெண்டு போல் மோட்டர்னா 600 ஹெர்ட்ஸ் என்பது 36,000 ஆர்பிஎம். ஈரானோட ஐஆர்-1 வகை சுமார் 10 செ.மீ. விட்டம், 1064 ஹெர்ட்ஸ். பெருக்கிப் பாருங்க: 3.14 × 0.1 × 1064, சுவர் வேகம் விநாடிக்கு 334 மீட்டர். ஒலியின் வேகத்துக்குப் பக்கத்தில். இவ்வளவு வேகத்தில் ஒரு கட்டிடம் நிறைய உருளைகள், ஒவ்வொன்னும் வேகம் பிசகாம சுத்தணும். அதுக்கு நிலையான ஃப்ரீக்வென்ஸி கொடுக்கிற பெட்டி இல்லாம முடியாது. 40 விஏ ஏன் அவ்வளவு சின்னதா வெச்சாங்கன்னும் இப்ப புரியும். வேகம் பிடிச்ச பிறகு, வெற்றிடத்துக்குள்ள சுத்துற உருளைக்கு மின்சாரமே கொஞ்சம்தான் ஆகும்.

ஸ்டக்ஸ்நெட் ஞாபகம் இருக்கா? 2010ல் வெளிவந்த வைரஸ். அது தேடினது டிரைவைத்தான். ஃபின்லாந்தின் வாக்கான், ஈரானின் ஃபராரோ பாயா, இந்த ரெண்டு கம்பெனி டிரைவ் இருக்கணும், அது 807க்கும் 1210க்கும் நடுவில் ஓடிக்கிட்டு இருக்கணும். அப்பதான் வேலையைக் காட்டும். 1410க்கு ஏத்தும், பிறகு 2 ஹெர்ட்ஸுக்கு இறக்கும், பிறகு 1064. நாம டிரைவை முதல்ல ஓட வைக்கிற கமிஷனிங்ல பாராமீட்டர் மாத்துற அதே இடத்தில் கை வெச்சிருக்கு.

ஜனவரி 12, பிற்பகல்

"அப்ப இது அமெரிக்கா போட்ட பூட்டு"னு ஒருத்தர் எழுதியிருக்கார். இல்லைங்க. எந்த அரசாங்கமும் 599ல் பூட்டுன்னு உத்தரவு போடல. 600ஐத் தொட்டா லைசென்ஸ் வாங்குன்னு மட்டும்தான் சொல்லுது. ஒவ்வொரு டிரைவுக்கும் லைசென்ஸ் வாங்கிக்கிட்டு உலகம் பூரா எவனால் விற்க முடியும்? கம்பெனியே தன் கையால பூட்டு போட்டுக்கிச்சு. மென்பொருளாலோ ஹார்ட்வேராலோ 600க்குக் கீழே கட்டிப்போட்ட டிரைவ் பட்டியலில் வராதுன்னு விதியிலேயே இடம் இருக்கு.

ஜனவரி 14

மோட்டர் டிசைன் பண்றவங்களுக்கு இது என்ன செய்யுதுன்னு யாருமே பேசல. எனக்கு அதுதான் சுவாரசியம்.

599 ஹெர்ட்ஸ்ல ரெண்டு போல் மோட்டர் 35,940 ஆர்பிஎம் போகும். நாலு போல் 17,970. வேகமான ஸ்பிண்டிலுக்கு நாலு போல் நல்லது. யோக் (காந்தப்புலத்தைச் சுமக்கிற வெளி இரும்பு வளையம்) மெல்லிசாப் போதும், காயில் தலைப்பு குட்டையா இருக்கும், ஸ்டேட்டர் (மோட்டரோட சுத்தாத பாகம்) சின்னதாகும். ஆனா அதுக்கு ரெண்டு மடங்கு ஹெர்ட்ஸ் வேணும். எல்லை விழுந்ததும் 24,000 ஆர்பிஎம் ஸ்பிண்டிலை நாலு போல்ல பண்ணவே முடியாது, 800 ஹெர்ட்ஸ் கேக்கும். அதனால ரெண்டு போல்தான். இரும்பு அதிகம், தடிமன் அதிகம். மின்காந்தவியல் இதைக் கேக்கல, சட்டம் கேட்டிருக்கு.

கேட்டவரோட 40,000க்கு ரெண்டு போல்லயே 667 ஹெர்ட்ஸ் வேணும். 68 ஹெர்ட்ஸ் பத்தல. ரோட்டருக்கு ரெண்டு போலுக்குக் கீழே போக வழியும் இல்ல.

இதில் இன்னொண்ணு. கேரியர் ஃப்ரீக்வென்ஸி (விநாடிக்கு எத்தனை தடவை வோல்டேஜை வெட்டுதுங்கிறது) 4 கிலோஹெர்ட்ஸ் வெச்ச சாதாரண டிரைவ் 599 ஹெர்ட்ஸ் கொடுத்தா ஒரு சுற்றுக்கு ஏழு துடிப்புகூட வராது. மோட்டர் சூடாகும். அந்த வகை டிரைவுக்கு 599 பெரிய இழப்பில்ல. 16 கிலோஹெர்ட்ஸ் வரை கேரியர் ஏத்தக்கூடிய நல்ல டிரைவ் வெச்சிருக்கவங்களுக்குத்தான் வயித்தெரிச்சல்.

ஜனவரி 14

0.2 சதவீதத்தைவிட மோசமா ஆடுற டிரைவ் பண்ணி 1000 ஹெர்ட்ஸ் கொடுத்தா தப்பிச்சிடலாமேன்னு கேட்ட தம்பிக்கு: சட்டப்படி தப்பிச்சிடலாம். வேணும்னே கோணலா சுத்துற கிரைண்டிங் ஸ்பிண்டிலை யார் தலையில் கட்டுவீங்க?

ஜனவரி 15

என்விடியாவோட ஏஐ சிப் ஏ800ம் இதே கதைதான்னு எழுதினவர் சரியாப் பிடிச்சிருக்கார். 2022 அக்டோபர் அமெரிக்க விதியில் சிப்புக்குச் சிப்பு தொடர்பு வேகம் விநாடிக்கு 600 கிகாபைட்னு எல்லை. அவங்க மூல சிப் ஏ100 சரியா 600. உடனே 400க்கு இறக்கி ஏ800னு பேர் வெச்சு சீனாவுக்கு விற்றாங்க. அடுத்த வருச அக்டோபர்ல விதியையே மாத்தி அதையும் மூடினாங்க. டிரைவ் கம்பெனிகளுக்கு இந்தக் கதி வரல, எல்லை 600லேயே நிக்குது.

இந்த அறுநூறுக்கு என்ன ராசியோ.

ஜனவரி 19

மெஷின் டூல் பக்கம் கேட்டிருந்தீங்க. நான் டிரைவ் ஆள். ஆனா டிரைவ் போற இடத்தில் சிஎன்சி (கம்ப்யூட்டர் கண்ட்ரோலர் ஓட்டுற வெட்டு மெஷின்) இருக்கும், பாத்ததைச் சொல்றேன்.

ஹைடன்ஹைன் டிஎன்சி 640 கண்ட்ரோலர் ரெண்டு விதமா வரும். பேருக்குப் பின்னாடி 'இ' எழுத்து இருந்தா ஏற்றுமதி வகை, ஒரே நேரத்தில் நாலு ஆக்ஸிஸ் (நகர்ற, சாயுற, சுத்துற அச்சு) மட்டும் சேர்ந்து நகரும். சீமென்ஸ் 840டி காலத்திலும் 840டிஇ-ன்னு அப்படி ஒண்ணு. மெஷினில் அஞ்சு ஆக்ஸிஸும் இருக்கும். டேபிளைச் சாய்த்து, பூட்டி, மூணு ஆக்ஸிஸில் வெட்டலாம். நம்ம ஊர் அச்சு வேலைக்கு பெரும்பாலும் அது போதும். அஞ்சும் சேர்ந்து ஓடினாத்தான் டர்பைன் பிளேடு, இம்பெல்லர், கப்பல் புரொப்பல்லர்.

புரொப்பல்லர்னாலே தோஷிபா மெஷின்தான். 1980களின் தொடக்கத்தில் ஒன்பது ஆக்ஸிஸ் புரொப்பல்லர் மில்லிங் மெஷின் நாலு, லெனின்கிராட் கப்பல் தளத்துக்குப் போச்சு. கண்ட்ரோலர் நார்வேயின் காங்ஸ்பெர்க். காகிதத்தில் ரெண்டு ஆக்ஸிஸ் மெஷின்னு காட்டினாங்க. 1987ல் வெளிய வந்ததும் அமெரிக்க எம்பிக்கள் தோஷிபா ரேடியோவைப் புல்தரையில் போட்டுச் சம்மட்டியால் உடைச்சாங்க. சோவியத் நீர்மூழ்கிகள் சத்தம் குறைஞ்சது இந்த மெஷினாலதானான்னு இன்னும் சண்டை. அவங்க அதுக்கு முன்னாடியே அந்த வேலையில் இறங்கிட்டாங்கன்னு சொல்றவங்க உண்டு, எனக்கும் அதுதான் சரின்னு படுது. அமெரிக்கக் கடற்படை ரகசியத்தைச் சோவியத்துக்கு விற்ற வாக்கர் உளவுக் கும்பலையும் கணக்கில் எடுக்கணும்.

மெஷின் டூல் ஏற்றுமதிப் பட்டியலில் துல்லியத்தை அளக்கிற விதத்தையும் மாத்திட்டாங்க. முன்னாடி பொசிஷனிங் துல்லியம் பாத்தாங்க. அதை லேசர் வெச்சு அளந்து, பிட்ச் எரர் காம்பன்சேஷன் (பிழையைக் கண்ட்ரோலரில் எழுதிச் சரிக்கட்டுறது) போட்டு வாங்கினவனே பின்னாடி கூட்டிக்கலாம். இப்ப பாக்கிறது ஒரே திசையில் திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வருதாங்கிறது. இது பால் ஸ்குரூ, கைடு வே, மெஷின் படுக்கை இதுகளோட குணம், மென்பொருளில் ஏத்த முடியாது. ஒரு மீட்டருக்குக் குறைவான ஓட்டம் உள்ள அஞ்சு ஆக்ஸிஸ் மில்லிங் மெஷினுக்கு எல்லை 0.9 மைக்ரான். ஒண்ணுலிருந்து நாலு மீட்டர்வரை 1.4. நாலுக்கு மேல் 6. பட்டியல் எழுதினவங்களுக்கு மெஷின் தெரிஞ்சிருக்குன்னு நான் நம்ப ஆரம்பிச்சது இதைப் படிச்ச பிறகுதான்.

குறைச்சுக் காட்டுறதும் நடந்திருக்கு. அளவுக்கருவிக் கம்பெனி மிட்டுடோயோவோட அதிகாரிகளை 2006ல் ஜப்பான் போலீஸ் கைது பண்ணாங்க. மலேசியாவுக்கு அனுப்பின அளவை மெஷின் லிபியாவில் கிடைச்சது. துல்லியத்தைக் கம்மியாக் காட்ட மென்பொருளே எழுதி வெச்சிருந்தாங்க. நாம எல்லாம் துல்லியத்தைக் கூட்டிக் காட்டத்தான் பொய் சொல்லுவோம்.

ஜனவரி 20

நகர்த்தினா நின்னுபோற மெஷின் பத்தி: உண்மைதான், நேர்ல பாத்திருக்கேன். ஒரு கஸ்டமர், ஷெட் மாத்தினார். ஊர் மாத்தல, அதே காம்பவுண்டுக்குள்ள பக்கத்து ஷெட். ஃபோர்க்லிஃப்ட் வெச்சுத் தூக்கி, லெவல் பண்ணி, பவர் கொடுத்தா திரையில் குறியீடு கேக்குது. உள்ளே நகர்வை உணர்ற சென்சார் இருக்கு. கம்பெனி ஆள் வந்து பாத்து, எங்கேயிருந்து எங்கே போச்சுன்னு எழுதி வாங்கி, அதுக்கப்புறம்தான் திறந்தது. அதுவரைக்கும் ஆர்டர் நிக்குது, வட்டி ஓடுது. ஓனர் என்கிட்ட கேட்டார், "மெஷின் என்னுதா, அவனுதா?" பதில் சொல்லல நான். டிரைவ் பாக்கப் போனவன் நான்.

ஜனவரி 24

ஓனர் கேட்ட கேள்வி மண்டையில் ஓடிக்கிட்டே இருக்கு.

அன்னைக்கு அவர் பக்கம்தான் நின்னேன். இப்ப இன்னொரு பக்கமும் தெரியுது. அந்தச் சென்சார் இல்லேன்னா, அந்த வகை மெஷினை வேற நாட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடலாங்கிற பயத்தில் லைசென்ஸ் கொடுக்கிறவன் யோசிப்பான். சென்சார் இருக்கிறதால் அந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருக்கு, மெஷின் நம்ம ஊருக்கு வந்து சேருது. பூட்டு இல்லாத மெஷின் வேணும்னா மெஷினே கிடைக்காமப் போகலாம்.

ஆனா சாவி கடைசிவரைக்கும் அவன் கையில். 2022ல் உக்ரைன் போர் தொடங்கினதும் மெஷின் டூல் கம்பெனி டிஎம்ஜி மோரி ரஷ்யாவில் இருந்த தன் உலியானோவ்ஸ்க் ஆலையை நிறுத்திச்சு, மற்ற கம்பெனிகளும் ரஷ்யாவிலிருந்து கிளம்பினாங்க. அங்கே ஏற்கனவே நிக்கிற மெஷினுக்கு யார் வருவா? ரஷ்யா செஞ்சதுக்கு அது வேணும்தான்னு சொல்லலாம். நான் சொல்றது டிசைனைப் பத்தி. வாங்குற நாடு நாளைக்கு யாரா இருக்கும்னு தெரியாமலே, இப்படி நிறுத்துறதுக்கு இடம் வெச்சு மெஷினை வரையறாங்க. கேட்டலாக்கில் இதுக்கு ஒரு வரிகூட இருக்காது. எனக்கு அதுதான் கோபம். பூட்டு இருக்கட்டும், முன்கூட்டியே சொல்லித் தொலைங்க.

ஜனவரி 25

"கட்டுப்பாடு போட்டா நாமளே பண்ணிக்குவோம், கிரையோஜெனிக் எஞ்சின் பண்ணலையா?"

பண்ணினோம். ரஷ்யாவின் விண்வெளி நிறுவனம் கிளாவ்காஸ்மாஸ் 1993ல் தொழில்நுட்பம் தர மறுத்தது, நம்ம எஞ்சினோட ஜிஎஸ்எல்வி வெற்றியாப் பறந்தது 2014 ஜனவரி. நடுவில் இருபது வருசம், மகேந்திரகிரியில் ராப்பகலாச் சோதனை, பின்னாடி ஒரு அரசாங்கம். கோயமுத்தூர் கணபதி ஏரியா பட்டறைக்காரர் ஒரு ஸ்பிண்டில் டிரைவுக்கு இருபது வருசம் காத்திருக்க மாட்டார்.

பிப்ரவரி 2

பம்ப் ஏற்றுமதி பண்ற நண்பர் தனியாக் கேட்டதை இங்கேயே எழுதிடறேன், கோயமுத்தூர்ல பல பேருக்கு உதவும். இது நாம வாங்குற பக்கம் இல்ல, விற்கிற பக்கம்.

ரசாயன ஆயுதம் தடுக்க ஆஸ்திரேலியா குழுன்னு ஒண்ணு இருக்கு. இந்தியா 2018 ஜனவரியில் சேர்ந்தது. அந்தப் பட்டியல் நம்ம ஸ்கோமெட்டிலும் (இந்தியாவின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியல்) இருக்கு. ஒன்றுக்கு மேற்பட்ட சீல் (தண்டைச் சுத்தி ஒழுகாம அடைக்கிற பாகம்) உள்ள பம்ப், சீலே இல்லாத பம்ப், மணிக்கு 0.6 கன மீட்டருக்கு மேல் ஓட்டம், திரவம் படுற பாகமெல்லாம் குறிப்பிட்ட பொருள்ல இருந்தா லைசென்ஸ். 0.6 கன மீட்டர்னா எத்தனை லிட்டர்? 600. சொன்னேன்ல, ராசி.

316 ஸ்டெயின்லெஸ்ஸுக்குக் கவலை இல்ல. பட்டியலில் உள்ள கலவை 25 சதவீதத்துக்கு மேல் நிக்கல், கூடவே 20 சதவீதத்துக்கு மேல் குரோமியம். ஹாஸ்டல்லாய் (நிக்கல் அதிகமுள்ள கலவை), டைட்டானியம், டெஃப்லான் லைனிங் எல்லாம் உள்ளே. வம்பு அலாய் 20ல்தான். அந்த காஸ்டிங் கிரேடு சிஎன்7எம்-ல நிக்கல் 27.5க்கு மேல், அது தாண்டிடும். குரோமியம் 19 முதல் 22 வரை அனுமதி. ஃபவுண்டரியில் இந்த ஹீட் (ஒரு தடவை உருக்கி ஊத்தினது) 19.6 வந்தா வெளியே, அடுத்த ஹீட் 20.4 வந்தா உள்ளே. ஒரே பேட்டர்ன், ஒரே பம்ப். டெஸ்ட் சர்ட்டிஃபிகேட்டை ஃபைலில் போடுறதுக்கு முன்னாடி படிங்க. பம்ப் வேண்டாம், வெறும் கேசிங், இம்பெல்லர் காஸ்டிங் அனுப்பினாலும் இதே விதிதான்.

எனக்கு இதில் உறுத்துறது ஒண்ணு. ஒற்றை மெக்கானிக்கல் சீல் போட்ட சாதாரண பம்ப் இந்தப் பதிவில் இல்ல. இரட்டை சீல், மேக்னெட் டிரைவ் (சீலே இல்லாம காந்தத்தால் சுத்துறது) இதெல்லாம்தான் இருக்கு, ஏன்னா ஒழுகாது. விஷத்தைக் கையாள ஒழுகாத பம்ப் வேணும்ல, நியாயம்தான். ஆனா லைசென்ஸ் தொல்லை வேண்டாம்னு வாங்குறவர் ஒற்றை சீலுக்கு இறங்கினா, ஆசிட் மூஞ்சியில் தெறிக்கிறது ஏதோ ஒரு உரத் தொழிற்சாலை ஆபரேட்டருக்கு.

பிப்ரவரி 3

"சீன டிரைவ் ஆன்லைனில் 1000 ஹெர்ட்ஸ்னு போட்டு விக்கிறானே, அவனுக்குச் சட்டம் இல்லையா?" இருக்கு. வாசனார் உடன்பாட்டில் (ஆயுத, இரட்டைப் பயன்பாட்டு ஏற்றுமதிக்கான இன்னொரு நாடுகள் குழு) சீனா இல்ல. ஆனா இந்த 600 வந்தது என்எஸ்ஜியிலிருந்து, அதில் 2004லிருந்தே சீனா உறுப்பினர். நாம இன்னும் உறுப்பினர் இல்ல, ஆனா விதியை ஒப்புக்கிட்டு நடக்கிறோம். உள்ளே இருக்கிறவன் நாட்டில் கடையில் கிடைக்குது, வெளியே இருக்கிற நாம ஃபாரம் நிரப்புறோம்.

பிப்ரவரி 9

கேட்டவருக்கு நேரடியா. வழிகள்:

அதே டிரைவ் கம்பெனிகள் சிலதுல அதிக ஃப்ரீக்வென்ஸிக்கு லைசென்ஸ் ஆப்ஷன் விக்கிறாங்க. இறுதிப் பயன்பாட்டுச் சான்று கேப்பாங்க. யார் வாங்குறா, எந்த முகவரியில் ஓடும், என்ன செய்வீங்க, அணு, ஏவுகணை, ரசாயன ஆயுதத்துக்கு இல்லைன்னு கையெழுத்து, மறுபடி விற்கமாட்டேன்னு கையெழுத்து. ஒருத்தருக்கு நான் நிரப்பிக் கொடுத்திருக்கேன். அணு ஆயுதம்னு படிச்சதும் அந்த ஓனரம்மா "நாம போர்வெல் மோட்டர் புஷ்தானேங்க கிரைண்ட் பண்றோம்?"னு பதறிட்டாங்க. பொறுமை வேணும், சீக்கிரம் வராது.

ஸ்பிண்டிலும் டிரைவும் ஒண்ணா விக்கிறவங்ககிட்ட போகலாம். மெஷினுக்குன்னே செஞ்ச டிரைவ், தனியாக் கழட்டினா அந்த மூணு நிபந்தனைக்கும் வராதுன்னா பட்டியலில் இல்ல. டர்போ வெற்றிடப் பம்ப் எல்லாம் அப்படித்தான் தன் பம்ப்பை மட்டும் ஓட்டுற கண்ட்ரோலரோட வருது. ஸ்பிண்டில் தனி, டிரைவ் தனின்னு வாங்கின காலம் போகுதுன்னு தோணுது, ரிப்பேர் பண்ற எங்களுக்கு அது நல்ல சேதி இல்ல.

வேலை சின்ன துளைன்னா ஏர் டர்பைன் ஸ்பிண்டில் பாருங்க. டிரைவே வேண்டாம். கம்ப்ரசர் கரண்ட் பில் வரும்.

இல்லாட்டி 35,000 ஆர்பிஎம்ல ஓட்டிட்டு வீலை ஒரு சைஸ் பெரிசு பண்ணுங்க. துளைக்குள்ள இடம் இருந்தா மேற்பரப்பு வேகம் அதேதான் வரும். முதல்ல இதைப் பாத்திருக்கலாம் நாம.

பிப்ரவரி 10

599 பூட்டை உடைக்க ஃபேக்டரி பாஸ்வேர்டு இங்கே கேட்ட மூணு பேருக்கும் ஒரே பதில்: தெரியாது, தெரிஞ்சாலும் எழுத மாட்டேன். டிரைவின் திறனை விடுவிக்கிற மென்பொருள், குறியீடு, சாவி எல்லாம் அதே பட்டியலில் தனித் தனிப் பதிவாவே இருக்கு. 600 ஹெர்ட்ஸ் போகாத டிரைவை யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. அதைப் போக வைக்கிற நாலு எழுத்தை வெளிநாட்டுக்காரர் படிக்கிற இடத்தில் எழுதினா எனக்குத்தான் நோட்டீஸ் வரும்.

வீல் சைஸ் மாத்தினதும் ரா வேல்யூ (மேற்பரப்பு எவ்வளவு சொரசொரப்புங்கிற அளவு) என்ன வந்ததுன்னு எழுதுங்க.